க்வான் காசு கொடுத்து வாங்கிய சருகு

இலைகளைப் பற்றி மாக் சியூக்வானுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சன்வுய் ஊரின் ஆற்றங்கரைத் தெருவைப் பதினோரு வருடமாகப் பெருக்குகிறவன் அவன். எந்த மரம் எப்போது கொட்டும், எது கொட்டுவதுபோல் பாசாங்கு காட்டி நாலே நாலு இலையோடு நிறுத்திக்கொள்ளும், எது மழைக்கு மறுநாள் பார்த்து வேண்டுமென்றே கொட்டிப் பழிவாங்கும் என்பதெல்லாம் அத்துப்படி. தெருவின் இருபுறமும் நிற்கிற அகன்ற இலை ஆலமரங்கள் மூன்றாம் மாதத்தில்தான் இலையை உதறும். பத்துப் பதினைந்து நாளில் மொத்தத்தையும் தரையில் போட்டுவிட்டு, எனக்கொன்றும் தெரியாது என்பதுபோலத் தளிர்விட்டு நிற்கும். பத்தாம் மாதத்தில் அந்த மரங்களிடம் போய் ஒரு மஞ்சள் இலை கேட்டால் கிடைக்காது. அப்போது தெருவில் கிடப்பதெல்லாம் கமலாச் சுளைதான்.

ஆமாம், சுளை. இந்த ஊரில் இலையுதிர்காலம் என்றால் பழம் உரிக்கிற காலம். கடைக்குக் கடை வாசலில் பெண்கள் முக்காலி போட்டு உட்கார்ந்து, கமலாப்பழத்தின் தோலை மூன்று இதழாகக் கீறிப் பிரித்து வெயிலில் பரப்புவார்கள். தோலுக்குத்தான் மதிப்பு, காயவைத்தால் மருந்துக்கும் சமையலுக்கும் நல்ல விலைக்குப் போகும். உள்ளே இருக்கும் சுளையை நாய்கூடச் சீண்டாது. அதை மூட்டை கட்டி ஓரமாக வைப்பார்கள், மூட்டை கிழியும், சாறு வழியும், க்வானின் ரப்பர் காலணி ஒட்டும், வண்டிச் சக்கரம் ஒட்டும், ஈ மொய்க்கும். அந்த இரண்டு மாதமும் அவன் உடம்பிலிருந்து ஒரு புளித்த இனிப்பு வாசம் போகவே போகாது.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மகளின் பாலர் பள்ளியிலிருந்து போனில் செய்தி வந்தது. “இலையுதிர்காலம் வந்துவிட்டது! செல்லங்களே, அப்பா அம்மாவோடு பூங்காவுக்குப் போங்கள். உதிர்ந்து கிடக்கும் மஞ்சள் இலை, சிவப்பு இலைகளைப் பொறுக்குங்கள். அழகான படம் ஒட்டி வெள்ளிக்கிழமை கொண்டுவாருங்கள்.”

க்வான் மூன்று முறை படித்தான். ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்தான். தெரு பச்சைப் பசேலென்று இருந்தது. தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பள்ளியில் இலையுதிர்காலச் சீருடை என்று முழுக்கைச் சட்டை போடச் சொல்லியிருந்ததால் ஹோய்யிங்கின் கழுத்தில் வேர்க்குரு வேறு. எந்தப் பூங்காவைச் சொல்கிறார்கள் என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

அவன் வீட்டு ஏற்பாட்டையும் சொல்லிவிட வேண்டும். மனைவி லாய்ஃபான் அரிசிமாவுச் சுருள் விற்கிற கடையில் ஆவித்தட்டில் மாவு ஊற்றி வேகவைக்கிறாள். விடிவதற்கு முன் போனால் நண்பகலுக்கு வருவாள். க்வானுக்குப் பிற்பகல் முறை, ஒரு மணிக்குத் தெருவில் நிற்க வேண்டும். ஆக, காலையில் பிள்ளைகள் அவன் பொறுப்பு, மதியத்துக்கு மேல் அவள் பொறுப்பு. இடையில் அரைமணி நேரம் இருவரும் ஒரே வீட்டில் இருப்பார்கள். அந்த அரைமணியில்தான் சாப்பிடுவார்கள், சண்டை போடுவார்கள், சமாதானமும் ஆவார்கள். பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் ஹோய்யிங்குக்கு ஐந்து வயது. இளையவனுக்கு இரண்டு, அவனுக்கு ஒரு முழுப்பெயர் இருந்தாலும் எல்லோருக்கும் பொடியன்தான்.

இந்த ஹோய்யிங்தான் க்வானின் தீராத குழப்பம். வீட்டில் அவள் வாய் ஓயாது. கஞ்சி ஏன் மேலே மட்டும் கொதிக்கிறது, தம்பிக்குக் கனவு வருமா, கண்ணாடியில் இருக்கிறவளுக்குப் பசித்தால் என்ன செய்வாள் என்று காலையில் கண் விழித்ததிலிருந்து கேள்வி. லாய்ஃபான் ஒருநாள் பொறுக்காமல், “அடியே, உன் வாய்க்கு ஞாயித்துக்கிழமையாவது லீவு உண்டா?” என்று கேட்டதற்கு, லீவு என்றால் வாய் எங்கே போகும் என்று கேட்டவள் அவள். ஆனால் பள்ளி வாசலில் கால் வைத்ததும் உதடு ஒட்டிக்கொள்ளும். ஒரு வருடமும் ஒரு மாதமும் ஆகிறது, வகுப்பில் ஒரு சொல் பேசியதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கோப்பையைத் தூக்கிக் காட்டுவாள். கழிப்பறைக்குப் போக எழுந்து நிற்பாள். அவ்வளவுதான்.

“முதல் நாள்லேர்ந்தே இப்படித்தான், ஹோய்யிங் அப்பா,” என்று லாவ் டீச்சர் சொல்லியிருந்தாள். இருபத்துநான்கு வயதுப் பெண், நல்ல பெண். “எல்லாப் பிள்ளைங்களையும் ‘எனக்குப் பள்ளிக்கூடம் ரொம்பப் பிடிக்கும்’னு சொல்ல வச்சேன். அழுதுக்கிட்டே இருந்த பிள்ளைங்ககூடச் சொல்லிச்சு. இவ மட்டும் என்னையே உத்துப் பாத்தா. சொல்லல. அன்னைக்கு மூடின வாய்தான்.”

க்வான் மகள் வீட்டில் பேசுவதைக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து போனில் பதிவு செய்து கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினான். டீச்சர் கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள், இருந்தாலும் கேட்டுவிட்டாள்: “இது நிஜமாவே நம்ம ஹோய்யிங்தானா? அக்கா, தங்கச்சி யாராவது…?” க்வானுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது.

போன மாதம் முதல்வரம்மா அவனைக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, தேநீர் கொடுத்துச் சொன்னார். இந்தப் பருவம் முடிவதற்குள் குழந்தை வாய் திறக்கவில்லை என்றால், மாகாணத் தலைநகரத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்து, ஒரு சான்று வாங்கிவர வேண்டும். இல்லாவிட்டால் பெரிய வகுப்புக்கு ஏற்றுவது சிரமம். “தப்பா எடுத்துக்காதீங்க, பிள்ளையோட நல்லதுக்குத்தான்,” என்றார். க்வான் தலையாட்டினான். தெருவுக்கு வந்த பிறகுதான் தேநீர்க் கோப்பையைக் கையோடு கொண்டுவந்துவிட்டது தெரிந்தது. திரும்பப் போய்க் கொடுக்கவும் வெட்கமாக இருந்தது.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். போனில் இருக்கிற பெற்றோர் குரூப்பில் டீச்சர் எதைப் போட்டாலும் ஒரு சடங்கு உண்டு. முதலில் ஒருவர் எண் போட்டுத் தன் பிள்ளை பெயரை எழுதுவார். அடுத்தவர் அதை அப்படியே நகல் எடுத்து, கீழே தன் பிள்ளை பெயரைச் சேர்த்து மறுபடி போடுவார். இப்படியே முப்பத்திரண்டு பெயர் சேரும்வரை போன் கதறிக்கொண்டிருக்கும். அன்று காலை இரண்டு பட்டியல் ஒரே நேரத்தில் ஓடியது. ஒன்று, “அறிவிப்பைப் படித்துவிட்டோம்” என்பது. இன்னொன்று, “வெள்ளிக்கிழமை பெற்றோர் முன்னால் தன் இலைப் படத்தைக் காட்டிப் பேச விரும்பும் குழந்தைகள், மூன்று பேர் மட்டும்.”

க்வானின் இடது இடுப்பில் பொடியன். அடுப்பில் கஞ்சி பொங்குகிறது. ஹோய்யிங் ஒரு காலுறையைக் காணோம் என்கிறாள். வலது கட்டைவிரலால் க்வான் நகல் எடுத்தான், எண் போட்டான், ‘மாக் ஹோய்யிங்’ என்று அடித்தான், அனுப்பினான். கஞ்சியை இறக்கிவிட்டு வந்து பார்த்தால் போனில் ஒரே பூவும் கைதட்டலுமாக இருக்கிறது. “ஹோய்யிங்குக்கு வாழ்த்துகள்!” “என்ன தைரியம்!” “சபாஷ் ஹோய்யிங்!” எதற்கு வாழ்த்துகிறார்கள் என்று மேலே தள்ளிப் பார்த்தான். பேசப்போகிற மூன்று குழந்தைகளில் மூன்றாவதாக அவன் மகள் இருந்தாள்.

அவனுக்குக் காது சூடாகிவிட்டது. தவறாகப் போட்டுவிட்டேன் என்று அடித்தான், அழித்தான், மறுபடி அடித்தான். அனுப்புவதற்குள் போன் அடித்தது. லாவ் டீச்சர்.

“ஹோய்யிங் அப்பா! நான் அழுதுட்டேன், தெரியுமா? பட்டியலப் பாத்ததும் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. முதல்வரம்மாகிட்டயும் சொல்லிட்டேன். அவங்களும் வெள்ளிக்கிழமை வந்து உக்காந்து கேக்கறாங்களாம். அவளே கேட்டாளா, பேசறேன்னு?”

இங்கேதான் க்வான் ‘இல்லை’ என்று சொல்லியிருக்க வேண்டும். எவனாக இருந்தாலும் சொல்லியிருப்பான். ஆனால் அந்தப் பெண் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் போனில் கேட்டது. “ஆங்… வீட்டுல பேச்சு வந்துச்சு,” என்றான் அந்த மகாராஜன்.

நண்பகலில் லாய்ஃபான் வந்தாள். அவன் சொல்லி முடிக்கிறவரை கையில் இருந்த சாப்பாட்டுக் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை.

“உன் கட்டைவிரல வெட்டிக் கஞ்சியில போடணும்,” என்றாள். “படிச்சுப் பாக்காம எதுக்குய்யா பேரு போடுற? கடைத்தெருவுல கூட்டத்தப் பாத்தா எதுக்குன்னு தெரியாம வரிசையில நிக்கிறவன்தானே நீ!”

“இப்ப டீச்சர்கிட்ட சொல்லிடட்டுமா?”

“முதல்வரம்மா வராங்கன்னு சொல்ற. இப்பப் போயி, இல்லீங்க, அவ பேசமாட்டா, விரல் தவறிடுச்சுன்னு சொன்னா என்ன நினைப்பாங்க? பெத்தவங்களே ஒத்துக்கிட்டாங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கன்னு கையெழுத்தே போட்டுடுவாங்க.” கிண்ணத்தை வைத்தாள். “பேசினாலும் பேசிடுவாளோ?”

“பேசமாட்டா.”

“நாலு வரிதானே?”

“லாய்ஃபான், ஒரு வருஷமா தண்ணிகூடக் கேக்கலடி அவ.”

இருவரும் சாப்பிட்டு முடித்தார்கள். மணி பன்னிரண்டரை ஆனது. க்வான் ஆரஞ்சு மேல்சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

அடுத்தது இலைப் பிரச்சினை. குரூப்பில் விசாரிக்காமலே விடை வந்துவிட்டது. வடக்கே குளிர் ஊர்களில் இருந்து இலையைப் பொறுக்கிக் காயவைத்துப் பொட்டலம் கட்டி விற்கிறார்களாம். பத்து யுவானுக்கு நூறு இலை, விசிறி மாதிரி மஞ்சள் இலை பாதி, கை விரித்த மாதிரி சிவப்பு இலை பாதி. எல்லா வீட்டிலும் அதைத்தான் வாங்குகிறார்கள். க்வானும் வாங்கினான். வியாழக்கிழமை பார்சல் வேலை இடத்துக்கே வந்து சேர்ந்தது, அதுதான் வினை. பக்கத்துத் தெருவைப் பெருக்குகிற லூக் எட்டிப் பார்த்தான்.

“என்னடா அது?”

“இலை.”

“இலைன்னா?”

“காஞ்ச இலைடா.”

லூக் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தே விட்டான். “சம்பளம் வாங்கிக்கிட்டு சருகக் கொண்டுபோயிக் கொட்டறவன், காசு குடுத்துச் சருக வாங்கறான்! க்வான், எனக்கு ஒரு உதவி பண்ணு. அடுத்த மூணாம் மாசம் உனக்கு எத்தனை டன் வேணும், இப்பவே சொல்லிடு. வீட்டு வாசல்லயே கொண்டாந்து எறக்கறேன்.”

“சிரி, சிரி. உன் பேரன் பள்ளிக்கூடம் போவான்ல, அப்பப் பாக்கறேன்.”

சிரிப்பு அன்று சாயங்காலம்வரை தெருவில் ஓடியது. கமலாத்தோல் உரிக்கிற பெண்கள்கூட, “க்வானு, நம்மூரு இலை ஆகாதோ?” என்று கேட்டார்கள். க்வானுக்கும் சிரிக்கத்தான் தோன்றியது. ஆனால் மறுநாளை நினைத்ததும் பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினான்.

நல்லவேளையாக அன்று லூக் அவனுக்காக ஒரு மணி நேரம் சேர்த்துப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவைத்தான். விளக்கேற்றும் வேளையில் வீட்டுத் தரையில் நால்வரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து செய்ய வேண்டும் என்பது உத்தரவு. சேர்ந்து என்றால் எப்படி என்று எல்லா வீட்டுக்கும் தெரியும். க்வான் ஒரு சேவல் செய்தான். அது காற்றில் கவிழ்ந்த குடை மாதிரி வந்தது. லாய்ஃபான் அதைப் பிய்த்துப் போட்டுவிட்டு, வெட்டி, அரிசிமாவுப் பசையால் ஒட்டி, ஒரு மரமும் வீடும் செய்தாள். பொடியன் இரண்டு சிவப்பு இலையை வாயில் போட்டுக்கொண்டான், அதை விரல் விட்டு எடுக்க வேண்டியிருந்தது. ஹோய்யிங் எதையும் தொடவில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது எந்த மரம்?”

“வடக்குல இருக்கற மரம்,” என்றான் க்வான்.

“நீ பாத்திருக்கியா?”

“நான் எங்கம்மா பாத்தேன்? நான் இந்த ஊரத் தாண்டிப் போனதே ரெண்டு தடவைதான்.”

“அம்மா பாத்தாங்களா?”

“இல்ல.”

“டீச்சர் பாத்தாங்களா?”

“தெரியலம்மா. சரி, இப்ப நாளைக்குச் சொல்லணுமே, அதச் சொல்லலாமா? நான் சொல்றேன், நீ கூடச் சொல்லு.” டீச்சர் எழுதி அனுப்பியிருந்ததை க்வான் போனைப் பார்த்து வாசித்தான். “இலையுதிர்காலம் வந்துவிட்டது. மரங்கள் பொன்னிறச் சட்டையைக் கழற்றுகின்றன. நான் பூங்காவில் இலைகளைப் பொறுக்கினேன். இலையுதிர்காலத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.”

“நான் பொறுக்கல,” என்றாள் ஹோய்யிங்.

“தெரியும்டா. சும்மா சொல்றதுதான்.”

“பொய்யா?”

க்வான் லாய்ஃபானைப் பார்த்தான். லாய்ஃபான் பசை ஒட்டிய விரலைத் துடைத்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இதையெல்லாம் நீயே சமாளி என்று அர்த்தம்.

“பொய் இல்லம்மா,” என்றான். “பாடம்.”

 ஹோய்யிங் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மிட்டாய் காட்டினான், அவள் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு படகில் கூட்டிப்போகிறேன் என்றான், திறக்கவில்லை. கடைசியில் கோபம் வந்து, “வீட்டுல காது புளிக்கப் பேசற, அங்க போயி நாலு வரி சொல்ல என்ன கேடு உனக்கு?” என்று கத்திவிட்டான். அவள் கண்ணில் நீர் தளும்பியது. வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. பொடியன் பயந்து அழுதான். க்வானுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது. எதற்காகக் கத்துகிறோம், யார்மேல் கோபம், மகள்மேலா, டீச்சர்மேலா, தன் கட்டைவிரல்மேலா, ஒன்றும் விளங்கவில்லை. குழந்தை சரியாகத்தான் இருக்கிறதா, இல்லை ஏதோ கோளாறா, அதுவும் விளங்கவில்லை. அவளை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டான். அவள் அவன் தோளில் முகம் வைத்து, பொத்திய கையோடே தூங்கிப்போனாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. வகுப்பறைக் கூரையிலிருந்து மஞ்சள் காகித இலைகள் நூலில் தொங்கின. ஜன்னலுக்கு வெளியே ஆலமரம் ஒரு இலைகூடக் குறையாமல் நின்றது. பெற்றோர்கள் குழந்தைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். லாய்ஃபான் கடையில் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு ஓடிவந்திருந்தாள், முன்கையில் மாவு காய்ந்திருந்தது. க்வானின் மடியில் பொடியன். சுவர் நெடுக முப்பத்திரண்டு இலைப் படங்கள், எல்லாம் அதே விசிறி இலை, அதே கைவிரி இலை. முதல்வரம்மா முன்வரிசையில் இருந்தார்.

முதலில் பல் டாக்டரின் மகன். கணீரென்று சொன்னான், கடைசியில் தலை வணங்கினான். அடுத்து மருந்துக்கடைக்காரரின் மகள். கையை மேலே தூக்கி இலை விழுவதுபோல் அசைத்துக் காட்டினாள். கைதட்டல் ஓய்ந்ததும் லாவ் டீச்சர் ஹோய்யிங்கின் தோளைத் தொட்டு முன்னால் கூட்டிவந்தாள்.

ஹோய்யிங் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

டீச்சர் குனிந்து, “இலையுதிர்காலம் வந்துவிட்டது,” என்று எடுத்துக் கொடுத்தாள். ஒன்றுமில்லை. “மரங்கள்…” என்றாள். ஹோய்யிங் டீச்சரை உற்றுப் பார்த்தாள். யாரோ ஒரு அப்பா இருமினார். யாரோ ஒரு அம்மா, “பாவம்,” என்றாள், மெதுவாகத்தான், ஆனாலும் அறை முழுக்கக் கேட்டது. முதல்வரம்மா மடியில் இருந்த நோட்டில் ஏதோ எழுதினார். அந்தப் பேனா நகர்வதைப் பார்த்ததும் க்வானுக்கு உயிரே போய்விட்டது. மகளின் காதுமடல் சிவந்துவருவது அவனுக்கு இங்கிருந்தே தெரிந்தது.

அவன் எழுந்தான். குட்டி நாற்காலி இடுப்போடு ஒட்டிக்கொண்டு கூடவே எழுந்தது, லாய்ஃபான் அதைப் பிடித்து இழுத்தாள். பொடியனை அவளிடம் தள்ளினான்.

“டீச்சர், என் தப்பு,” என்றான். குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது. “நான்தான் பட்டியல் மாத்திப் பேரு போட்டுட்டேன். அடுப்புல கஞ்சி பொங்குச்சு, நான் பாக்கல. அவ கேக்கவே இல்ல. வீட்டுல பேச்சு வந்துச்சுன்னு உங்ககிட்ட சொன்னதும் பொய்தான். அவளுக்குப் பேச இஷ்டமில்ல. அவள விட்டுடுங்க. என்னைத் திட்டுங்க.”

அறை முழுக்க அவனையே பார்த்தது. லாவ் டீச்சரின் முகம் வாடிப்போனது. க்வான் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடலாமென்று முன்வரிசையைத் தாண்டி நடந்தான்.

“எனக்கு இஷ்டம் இருக்கு.”

யார் பேசியது என்று முதலில் ஒருவருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். “ஹோய்யிங் பேசறா! டீச்சர், ஹோய்யிங் பேசறா!”

“எனக்குப் பேச இஷ்டம் இருக்கு,” என்றாள் ஹோய்யிங், அப்பாவைப் பார்த்து, வீட்டில் பேசுகிற அதே குரலில், அதே அதட்டலோடு. “நீ ஏன் இல்லன்னு சொல்ற? அந்தப் பாடத்தச் சொல்லத்தான் எனக்கு இஷ்டமில்ல. நான் பொறுக்கல. பார்சல்ல வந்துச்சு. அம்மா வெட்டுனாங்க. தம்பி ரெண்டு தின்னான்.”

பின்வரிசையில் ஒருவர் வெடித்துச் சிரித்தார். அடுத்து இன்னொருவர். சுவரில் இருந்த முப்பத்திரண்டு படத்தையும் பார்த்துக்கொண்டு, பார்சல் வாங்கிய அத்தனை பெற்றோரும் சிரித்தார்கள். பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். க்வான் அறை நடுவில் நின்றான். உட்காருவதா நிற்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

லாவ் டீச்சர் மண்டியிட்டு உட்கார்ந்தாள். “அப்ப உனக்கு எதச் சொல்லணும், ஹோய்யிங்? உனக்குத் தெரிஞ்ச இலையுதிர்காலத்தச் சொல்லு.”

ஹோய்யிங் படத்தைக் கீழே வைத்தாள்.

“எங்க தெரு மரம் இப்பக் கொட்டாது. குளிரெல்லாம் போனப்புறம் கொட்டும். அப்ப எங்கப்பா நான் எந்திரிக்கறதுக்கு முன்னாடி போயிடுவாரு. நான் தூங்கினப்புறம் வருவாரு. பதிமூணு நாளு. நான் எண்ணினேன். அப்ப அம்மாதான் கடைக்கு லீவு போட்டுட்டு எங்களோட இருப்பாங்க. ராத்திரி அப்பா வந்தாரு, உன்னக் கொஞ்சினாருன்னு அம்மா சொல்லுவாங்க. எனக்குத் தெரியாதே. அதனால காலையில எந்திரிச்சு அப்பா துண்டத் தொட்டுப் பாப்பேன். ஈரமா இருந்தா வந்துருக்காரு.”

சிரிப்பு நின்றுவிட்டது. லாய்ஃபான் பொடியனின் தலையில் வாயை அழுத்திக்கொண்டாள்.

“ஒரு நாள் காஞ்சு இருந்துச்சு,” என்றாள் ஹோய்யிங். “அன்னைக்கு நான் அழுதேன். அப்புறம் பாத்தா அப்பா குளிக்காமத் தூங்கிட்டாராம்.”

க்வானுக்கு இது எதுவுமே தெரியாது. எந்த நாள் அது என்று நினைத்துப் பார்த்தான். இலை, இலை, இலை என்பதைத் தவிர அந்தப் பதிமூன்று நாளில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. இந்தப் பிள்ளையையா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள், இந்தப் பிள்ளையிடமா நேற்று கத்தினோம் என்று தோன்றியதும் அழுகை வந்துவிட்டது. இத்தனை பேர் நடுவில் நின்றுகொண்டு அழுதான், துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

“இப்ப எந்த மரமும் கொட்டல,” என்று ஹோய்யிங் தொடர்ந்தாள். “அதனால அப்பா காலையில இருக்காரு. கஞ்சி வைக்கறாரு, அடி பிடிக்க விட்டுடறாரு. காலுறை தேடித் தராரு. என்னை இங்க கொண்டாந்து விடறாரு. அதான் இலையுதிர்காலம்.”

முதல்வரம்மா நோட்டை மூடி நாற்காலிக்கு அடியில் வைத்தார். லாவ் டீச்சர் கீழே கிடந்த இலைப் படத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். 

“முடிஞ்சுதா, ஹோய்யிங்?”

“இல்ல, டீச்சர்,” என்றாள் ஹோய்யிங். “இன்னும் நிறைய இருக்கு.”